எந்த மென்பொருளை நம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொடுப்பது?

கேள்வி: 2025 மே 11

தேவகோட்டையில் எங்கள் ஐயா காலத்து வீடு. ஓடு பிரித்து மாற்ற வேண்டும், பின்கட்டுச் சுவர் வேறு சாய்ந்துகொண்டிருக்கிறது. பங்காளிகள் சிங்கப்பூர், கோலாலம்பூர், சென்னை, டெக்சாஸ் என்று சிதறிக் கிடக்கிறார்கள். எல்லாமே ஒரு வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது: பத்திர நகல், ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், யார் பங்கை யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்ற தகராறு, அத்தனையும். வாட்ஸ்அப்பில் பாதுகாப்பு இல்லை, டெலிகிராமுக்கு மாறிவிடலாம் என்கிறார் சித்தப்பா. சிக்னல்தான் என்கிறான் அவர் மகன். எந்த மென்பொருளை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மே 12, காலை

டெலிகிராம் வேண்டவே வேண்டாம். சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அதில் சாதாரணமாக அனுப்பும் செய்தி நிறுவனத்தின் சர்வரில் போய்த் தங்குகிறது. திறக்கும் சாவியும் நிறுவனத்திடமே இருக்கிறது. 'ரகசிய உரையாடல்' என்று தனியாக ஒன்று உண்டு, அதற்குத்தான் முனைக்கு முனை குறியாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நிறுவனம்கூடப் படிக்க முடியாத பூட்டு. அதை நாமே தேடித் தொடங்க வேண்டும், இருவருக்குள் மட்டும் நடக்கும், குழுவுக்குக் கிடையாது. உங்களுக்கு வேண்டியதோ குழு. டெலிகிராமின் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதானார். அடுத்த மாதமே, சட்டப்படி கேட்டால் பயனரின் தொலைபேசி எண்ணையும் ஐபி முகவரியையும் (இணையத்தில் அவர் இணைப்பைக் காட்டிக்கொடுக்கும் எண்) தருவோம் என்று விதியை மாற்றி எழுதினார்கள்.

வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முனைக்கு முனை குறியாக்கத்தில்தான் போகின்றன. அந்தக் குறியாக்க முறையும் சிக்னல்காரர்கள் உருவாக்கியதே. பாதுகாப்பைத் தேடி அங்கிருந்து டெலிகிராமுக்குப் போகிறவர் பூட்டிய வீட்டிலிருந்து திண்ணைக்கு வருகிறார்.

ஓட்டை பேக்கப்பில் இருக்கிறது. போனில் உள்ள உரையாடல் இரவில் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகிறதல்லவா, அதற்குக் குறியாக்கம் தானாக வராது. 2021 முதல் அந்த வசதி இருக்கிறது, ஆனால் நாம் போய் இயக்க வேண்டும். அமைப்புகளில் 'சாட்ஸ்', அதற்குள் 'சாட் பேக்கப்', அதற்குள் தேடினால் கிடைக்கும். குழுவில் ஒரே ஒருவர் இயக்காமல் விட்டாலும் குழுவின் மொத்தப் பேச்சும் அவர் பேக்கப்பில் திறந்து கிடக்கும். யார் அந்த ஒருவர் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

மே 12, இரவு

"அப்படியானால் எந்த கம்பெனி நல்ல கம்பெனி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஊர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருவீர்கள். நான் கேட்பது வேறு: நாளைக்கு இந்தக் கம்பெனியை எவனாவது விலைக்கு வாங்கினாலோ, போலீஸ் வந்து நின்றாலோ, உள்ளே இருப்பவனே திருடனாகிவிட்டாலோ, எடுத்துக் கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கும்?

காரைக்குடியில் பூட்டிக் கிடக்கும் சில பங்கு வீடுகளுக்கு நான் வரவு செலவுக் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காவல்காரர். முகப்புச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளின் சாவி அந்தந்தப் பங்காளியிடம். ஒன்று பினாங்கில் இருக்கும், ஒன்று அடையாற்றில் இருக்கும். காவல்காரர் உத்தமராக இருக்கலாம், மகன் கடனில் மாட்டியவராகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் உள்ளறையை அவரால் திறந்துகாட்ட முடியாது. யாருக்கும் அவருடைய குணத்தை விசாரித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை வரவில்லை.

சிக்னலிடம் 2016இல் அமெரிக்க நீதித்துறை ஒரு பயனரைப் பற்றிய விவரம் கேட்டது. அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டு: கணக்குத் தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். மற்றவை அவர்களிடம் இல்லை. வாட்ஸ்அப்பால் செய்தியைப் படிக்க முடியாதுதான். ஆனால் யார் யாருடன், எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறார் என்பது தெரியும். பங்குத் தகராறு நடக்கும் குடும்பத்தில் அந்தப் பட்டியலே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

மே 15

"சுவிட்சர்லாந்துக் கம்பெனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்" என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்களின் கதை ஒன்று இருக்கிறது.

கிரிப்டோ ஏஜி. சுவிட்சர்லாந்துக் கம்பெனி, ரகசியச் செய்தி அனுப்பும் இயந்திரம் செய்து விற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. இந்தியாவும் வாங்கியது, பாகிஸ்தானும் வாங்கியது. 1970 முதல் அந்தக் கம்பெனியின் உண்மையான முதலாளிகள் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும். படிக்க வசதியாகவே இயந்திரத்தைப் பழுதாக்கி விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் காசும் கொடுத்தார்கள், ரகசியத்தையும் கொடுத்தார்கள். 2020 பிப்ரவரியில்தான் முழுக் கதையும் வெளியே வந்தது.

அடுத்து புரோட்டான் மெயில். இதுவும் சுவிட்சர்லாந்து, செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகள் 2014இல் தொடங்கியது. 2021இல் பிரெஞ்சுப் போலீஸ் கேட்டு, சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவு வழியாக, பருவநிலைப் போராட்டக்காரர் ஒருவரின் ஐபி முகவரியைப் புரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. உடனே 'துரோகம்' என்று கூச்சல். நான் அப்படிப் பார்க்கவில்லை. கடிதத்தின் உள்ளடக்கத்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்நாட்டுச் சட்டத்தை மீறி எந்தக் கம்பெனியும் உங்களுக்காகச் சிறைக்குப் போகாது. 2013இல் லாவாபிட் என்ற மின்னஞ்சல் சேவையை நடத்திய லாடர் லெவிசன், எல்லாப் பயனர்களின் அஞ்சலையும் அரசுக்குத் திறந்துவிட்டுத் தொழில் நடத்த மாட்டேன் என்று கடையையே மூடினார். அப்படி ஒருவரைப் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கிறோம் என்பதிலிருந்தே தெரியவில்லையா, எத்தனை பேர் அப்படி இருக்கிறார்கள் என்று!

மே 16

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அது பழங்கதை" என்று ஒரு பதில். புதுக்கதை வேண்டுமா? 'ஆனோம்' (ANOM) என்று ஒன்று. குற்றக் கும்பல்களிடையே புழங்கிய ரகசியப் போன், போலீசால் ஒட்டுக்கேட்க முடியாது என்ற பெயருடன் காசுக்கு விற்றார்கள். நடத்தியது எஃப்பிஐ. 2021 ஜூனில் உலகம் முழுவதும் 800க்கும் மேற்பட்டோர் கைது. போலீசுக்குப் பயந்து போலீசிடமே சந்தா கட்டியிருக்கிறார்கள்.

மே 18

கணக்குப் பார்ப்பவன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். ஒரு செயலியை இறக்கும் முன் அதன் ஐந்தொகையைப் பாருங்கள். சம்பளம் எங்கிருந்து வருகிறது?

சிக்னலை நடத்துவது லாப நோக்கற்ற அறக்கட்டளை. 2018இல் வாட்ஸ்அப்பின் இணை நிறுவனர் பிரையன் ஆக்டன் 5 கோடி டாலர் போட்டுத் தொடங்கி வைத்தார். 2023 நவம்பரில் தங்கள் செலவுக் கணக்கை அவர்களே வெளியிட்டார்கள். எனக்குப் பிடித்த வரி இது: பதிவு செய்யும்போது ஓர் எஸ்எம்எஸ் வருகிறதே, அந்த எஸ்எம்எஸ்களுக்கு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லட்சம் டாலர். 2025க்குள் மொத்தச் செலவு ஆண்டுக்கு 5 கோடி டாலரைத் தொடும் என்று எழுதியிருந்தார்கள். நன்கொடைதான் வருமானம். அதனால் எனக்கு நம்பிக்கையும் வருகிறது, கவலையும் வருகிறது. நன்கொடை வற்றினால் என்ன ஆகும் என்று நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பை 2014இல் பேஸ்புக் 1,900 கோடி டாலர் விலை பேசி வாங்கியது. அவ்வளவு போட்டவர்கள் எப்படியாவது எடுப்பார்கள். 2021இல் தனியுரிமை விதியை மாற்றி, ஏற்றுக்கொண்டால்தான் ஆயிற்று என்ற முறையில் நடந்துகொண்டதற்காக 2024 நவம்பரில் நம் நாட்டுப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு (பேஸ்புக் கம்பெனியின் இப்போதைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அவாஸ்ட்டை எத்தனை பேர் போட்டிருக்கிறீர்கள்? இலவச வைரஸ் தடுப்பு. பயனர்கள் எந்தெந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணைக் கம்பெனி வழியாக விற்றார்கள். 2020இல் அம்பலமாகி அதை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வணிக ஆணையத்திடம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். காவலுக்கு வைத்தவன் வருகிறவர் போகிறவர் பட்டியலை விற்றுவிட்டான்.

ஆனால் இந்த ஐந்தொகைச் சோதனையும் முழுதாக நிற்காது. பயர்பாக்ஸ் உலாவியை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் கொடுப்பது. இணையத்தில் ஆளை அடையாளம் காட்டாமல் உலவ உதவும் டோர் வலைப்பின்னலின் வேர் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அமெரிக்க அரசுப் பணமும் அதற்கு வந்திருக்கிறது. இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன். காசு வரும் வழியைப் பார்த்தபின் கட்டமைப்பையும் பார்க்க வேண்டும் என்று மே 12 இரவு எழுதியதற்கே திரும்பி வருகிறேன்.

மே 21

"மூலநிரலைத் திறந்து வைத்திருந்தால் போதுமே" என்று கேட்ட தம்பிக்கு. (மூலநிரல் என்பது மென்பொருளை எழுதிய மூல எழுத்து, திறந்திருந்தால் யாரும் படிக்கலாம்.)

திறந்திருப்பது நல்லதுதான். 1883லேயே குறியாக்க வல்லுநர் கெர்க்காஃப்ஸ் சொல்லிவிட்டார்: சாவியைத் தவிர மற்ற எல்லாமே எதிரிக்குத் தெரிந்தாலும் உடையாததாக இருக்க வேண்டும். எப்படிப் பூட்டுகிறோம் என்பதே ரகசியம் என்று சொல்லும் செயலியை நான் தொடுவதில்லை.

ஆனால் திறந்திருந்தால் யாரோ பார்த்திருப்பார்கள் என்று எப்படிச் சொல்வது? இணையத்தளங்களின் இணைப்பைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை 2014இல் தெரியவந்தது. அதற்குமுன் இரண்டு ஆண்டுகள் எல்லோர் கண்ணெதிரேயும் கிடந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் மோசம். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள், கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக ஒருவர் பராமரித்து வந்தது. புனைபெயரில் ஒருவர் வந்து ஓரிரு ஆண்டுகள் பொறுமையாக உதவி செய்து, நல்ல பெயர் வாங்கி, சாவி கைக்கு வந்தபின் பின்வாசல் வைத்தார். அதைப் பிடித்தவர் மைக்ரோசாப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். தன் கணினியில் உள்நுழைய அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று அரிப்பெடுத்துத் தோண்டினார். அரை நொடிக்கு அரிப்பெடுக்கும் மனிதர்கள் இருக்கும்வரை பிழைத்தோம். மூலநிரல் மூடியிருந்தால் அவர் தோண்டியிருக்கவும் முடியாது.

நாம் செய்யக்கூடியது: வெளியார் தணிக்கை நடந்ததா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பராமரிப்பவர் எத்தனை பேர் என்று பார்ப்பது. மூன்றும் ஐந்து நிமிட வேலை. ஆண்ட்ராய்டு செயலிகளில் என்னென்ன உளவுத் துணுக்குகள் இருக்கின்றன என்று எக்ஸோடஸ் பிரைவசி தளத்தில் பெயர் போட்டால் காட்டும். பிளே ஸ்டோரில் வரும் 'தரவுப் பாதுகாப்பு' பகுதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அது செயலிக்காரர் தானே எழுதிக் கொடுத்தது.

மே 22

நேற்று வேலையாகக் காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். மின்விசிறிக் காற்றில் படபடக்காதபடி பிரின்ட் தாள்களின் மேல் ஓர் ஆத்தங்குடிக் கல் வைத்திருந்தார்கள். திரையில் 'டவுன்லோட்ஸ்' திறந்தே இருந்தது. வரிசையாக ஆதார், ஆதார், ரேஷன் அட்டை, ஒரு கிரயப் பத்திரம், யாருடைய மகளுக்கோ எழுதிய ஜாதகக் குறிப்பு, மறுபடி ஆதார். ஓரத்தில் யாரோ வெளியேறாமல் விட்டுப்போன வாட்ஸ்அப் வெப். அவர் வீட்டுச் செய்திகள் பச்சைப் புள்ளியோடு வந்து விழுந்துகொண்டிருந்தன. நான் வெளியேற்றிவிட்டேன். கடைப் பையன் "ஏன் அண்ணே, அவர் சாயங்காலம் திரும்ப வருவார்" என்றான்.

சிக்னலா புரோட்டானா என்று பத்து நாளாகப் பேசுகிறோம். அந்தக் கணினிக்கு முன்னால் எல்லாம் ஒன்றுதான்.

நகல் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஆதார் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும் மறைத்த ஆதாரை எடுங்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். ஸ்கேன் செய்யத் தனிச் செயலி வேண்டாம். கேம்ஸ்கேனரின் ஆண்ட்ராய்டு வடிவில் 2019இல் தீநிரல் (கெடுதல் செய்யும் நிரல்) இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2020 ஜூனில் நம் அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் பழைய போன்களில் இன்னும் குடியிருக்கிறது. ஐபோனில் நோட்ஸிலேயே ஸ்கேன் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் டிரைவ் செயலியில் இருக்கிறது.

மே 27

சிக்னலுக்கு எல்லோரையும் மாற்றுங்கள் என்று எழுதுகிறவர்கள் வீட்டில் வயதானவர்கள் இல்லை போலும்.

எங்கள் பெரிய ஆச்சிக்குச் சிக்னல் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்துக் காலையிலேயே போன். "தம்பி, யாரோ என் பின் நம்பரைக் கேட்கிறான். பாங்க்காரன் யாருக்கும் சொல்லாதே என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறான். நான் போனையே அணைத்துப் பெட்டகத்தில் வைத்துவிட்டேன்." சிக்னல் அவ்வப்போது பின் மறந்துவிட்டதா என்று சோதித்துப் பார்க்கும், அதைத்தான் ஆச்சி திருடன் என்று பிடித்துவிட்டார்கள். நான் எப்படிக் குறை சொல்வது? இத்தனை நாள் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள்.

ஆக ஆச்சி மறுபடி வாட்ஸ்அப். பேக்கப் குறியாக்கத்தை நான் இயக்கி, அந்த நீண்ட எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

மே 28

விபிஎன், அதாவது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் சேவை பற்றிக் கேட்கிறார்கள். சுருக்கமாக: இலவச விபிஎன் வேண்டாம். ஓனாவோ என்று ஒன்றைப் பேஸ்புக் 2013இல் வாங்கி, பாதுகாப்பு தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே, மக்கள் வேறு எந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று வேவு பார்த்தது. 2019இல் மூடினார்கள். நம் நாட்டில் 2022இல் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்றது. பெரிய கம்பெனிகள் பல இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. வீட்டுப் பத்திர விஷயத்துக்கு விபிஎன்னால் ஒரு பயனும் இல்லை.

ஜூன் 3

வைகாசி முகூர்த்தக் காலம். எங்கள் குழு ஒன்றில் 'திருமண அழைப்பிதழ்' என்று ஒரு கோப்பு வந்தது. அனுப்பியவர் தெரிந்தவர். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தது. அழைப்பிதழ் என்றால் படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும். ஏபிகே என்பது செயலி. அதை நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவனுக்கு. பிறகு உங்கள் எண்ணிலிருந்தே உங்கள் உறவினருக்கு அதே அழைப்பிதழ் போகும். நம் ஊரில் அழைப்பிதழைத் திறக்காமல் விட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் அதிகம். திருடனுக்கு அது வசதி.

முனைக்கு முனை குறியாக்கம் இதைத் தடுக்காது. முனையே அவன் கையில் போய்விட்டது. பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருளுக்கு நாம் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை என்பது 2021இல் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதற்குச் செலவு அதிகம். பின்கட்டுச் சுவருக்காக யாரும் அதை ஏவ மாட்டார்கள். உங்கள் போனுக்கு வருவது அழைப்பிதழ்தான்.

ஜூன் 5

கடவுச்சொல் எங்கே வைப்பது என்று மூவர் கேட்டாயிற்று. கடவுச்சொற்களைச் சேர்த்து வைக்கும் லாஸ்ட்பாஸ் சேவையில் 2022இல் வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப் நகலையே அள்ளிக்கொண்டு போனார்கள். கடவுச்சொற்கள் குறியாக்கத்தில் இருந்தன. எந்தெந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறீர்கள் என்ற முகவரிகள் அப்படி இல்லை. நான் வைத்திருப்பது கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டக மென்பொருள். கோப்பு என் கணினியை விட்டுப் போகாது. பல கருவிகளில் வேண்டும் என்பவர்களுக்கு பிட்வார்டன் சொல்வேன், அதன் மூலநிரல் திறந்திருக்கிறது.

பங்கு வீட்டின் மின்கட்டண எண், சொத்துவரி எண், அவற்றுக்கான கடவுச்சொல் எல்லாம் நீல அட்டை நோட்டில் எழுதி இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. சிரிக்காதீர்கள். அந்த நோட்டைத் திருட ஒருவன் பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வர வேண்டும்.

ஜூன் 9

கேள்வி கேட்டவர் தனிச்செய்தியில் "பட்டியல் போடாமல் நேராகச் சொல்லுங்கள்" என்றார். நேராக: பேச்சு வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும், எல்லோரும் பேக்கப் குறியாக்கத்தை இயக்கிவிட்டு. ஆவணம் ஒன்றுகூடக் குழுவில் வரக்கூடாது. பத்திர நகல்களைக் கிரிப்டோமேட்டர் என்ற குறியாக்க மென்பொருள் கொண்டு பூட்டி, பூட்டிய கோப்புறையை ஏற்கெனவே இருக்கும் கூகுள் டிரைவிலேயே வையுங்கள். ஜெர்மனிக்காரர்கள் செய்தது, மூலநிரல் திறந்தது, கணினியில் பயன்படுத்தக் காசு வேண்டாம். கூகுளுக்குக் கிடைப்பது குழம்பிய எழுத்து மட்டுமே. கடவுச்சொல்லைப் போனில் வாயால் சொல்லுங்கள், எழுதி அனுப்பாதீர்கள். சித்தப்பா மகன் ஆசைப்படுவதால் பங்குத் தகராறு பேசும் நாலைந்து பேர் மட்டும் சிக்னலுக்குப் போகட்டும், செய்திகள் தானாக அழியும்படி வைத்து. ஆனால் ஒப்புக்கொண்ட பங்கு விகிதத்தை அதில் எழுதாதீர்கள். அது அழியக்கூடாது, கையெழுத்தோடு தாளில் இருக்க வேண்டும்.

ஜூன் 10

"ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கிறதே, அப்படியே குழுவில் போட்டால் என்ன?" என்று டெக்சாஸ் அண்ணன் கேட்கச் சொன்னாராம்.

தளத்திலிருந்து இறக்கும் ஆதார் கோப்பின் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பிறகு பிறந்த ஆண்டு. நம் பக்கத்தில் அச்சிட்ட குடும்ப விவரப் புத்தகம் இல்லாத வீடு எது? அதில் கோயில், பிரிவு, பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது. பெண் பார்க்கிற வீடுகளில் மனப்பாடமே செய்து வைத்திருப்பார்கள். அந்தக் கடவுச்சொல் உலகத்துக்கு ரகசியமாக இருக்கலாம்; பங்காளிகளுக்கு இல்லை. அண்ணனை மறைத்த ஆதாரையே எடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் அதே கடவுச்சொல்தான், ஆனால் திறந்தவனுக்குக் கிடைப்பது நான்கு இலக்கம்.